கேபிள் நெட் ஐபி கணக்கை எக்செலிலிருந்து டேட்டாபேஸுக்கு மாற்றுவது எப்படி?

குமரி மாவட்டத்தில் இரண்டு மூன்று ஊர்களுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்கும் சின்ன நெட்வொர்க் ஒன்றில் நீங்கள் வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தக்கலையில் ஒரு அறை, மார்த்தாண்டத்தில் ஒரு ஓஎல்டி (பல வீட்டு ஃபைபர் லைன்கள் வந்து சேரும் பெட்டி), குளச்சல் பக்கம் புதிதாக இழுத்த ஒரு லைன். வாடிக்கையாளர் சில நூறைத் தாண்டியதும் ஐபி கணக்கு, அதாவது எந்த வீட்டுக்கு எந்த இணைய முகவரி எண் என்ற பட்டியல், குழம்ப ஆரம்பிக்கும். எக்செலில் ஒன்று இருக்கும், ரவுட்டரில் வேறொன்று இருக்கும், லைன்மேன் சட்டைப்பை நோட்டில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். ஒரே ஐபி இரண்டு வீட்டுக்குப் போய்விடும். மழையே இல்லாத நாளிலும் ‘நெட் வரல்ல’ என்று ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும்.

இதை டேட்டாபேஸில் ஏற்றி ஒழுங்குபடுத்த நான் உட்கார்ந்தபோது, அதில் தயாராக இருக்கும் கட்டளைகளான ஃபங்ஷன்களின் பட்டியல் எளிதாகக் கிடைத்தது. எதை எப்போது எடுக்க வேண்டும், எங்கே சறுக்கும் என்பதுதான் எங்கும் கிடைக்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். எல்லாமே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை வைத்துத்தான். ஐபி முகவரிக்கென்றே அதில் தனி டேட்டா வகை இருக்கிறது என்பதுதான் காரணம். மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிக்கு முந்தைய படியில் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன்.

ஃபங்ஷன் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோடு கட்டாயம்.

1. முதலில் இந்தக் காகிதங்களைச் சேருங்கள்

டேட்டாபேஸை இன்ஸ்டால் செய்வதற்கு முன்னால் மேசையில் இருக்க வேண்டியவை:

உங்களுக்கு மேலிருந்து இணைப்பு தரும் நிறுவனம் பொது ஐபி ஒதுக்கிக் கொடுத்த கடிதம் அல்லது மெயில். அதில் பிளாக் (தொடர்ச்சியான ஐபிகளின் தொகுப்பு), கேட்வே (வெளியே போகும் வாசல் ஐபி), மாஸ்க் (பிளாக்கின் அளவைச் சொல்வது, /22 என்பதுபோல எழுதுவார்கள்) மூன்றும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் போதாது. மெயிலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ரவுட்டரின் முழு கான்ஃபிகரேஷன், எக்ஸ்போர்ட் செய்த கோப்பாக. இப்போது உண்மையில் எது ஓடுகிறது என்பதற்கு இதுதான் சாட்சி. எக்செலும் ரவுட்டரும் முரண்பட்டால் ரவுட்டரை நம்புங்கள்.

பில்லிங் அல்லது ரேடியஸ் (லாகினைச் சரிபார்க்கும்) சர்வரிலிருந்து வாடிக்கையாளர் பட்டியல். யூசர்நேம், ஐபி, மேக் (கருவிக்குத் தயாரிப்பாளர் கொடுத்த எண்), பகுதி ஆகிய நான்கும் போதும். பெயர், ஃபோன் எண், ஆதார் நகல் எதுவும் இந்த வேலைக்கு வேண்டாம். ‘எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் பண்ணித் தாரேன்’ என்று சொன்னாலும் வாங்காதீர்கள். உங்கள் லேப்டாப்பில் ஊராருடைய விவரம் கிடப்பது உங்களுக்குத்தான் தலைவலி.

ஓஎல்டியிலிருந்து ஒவ்வொரு வீட்டு ஓஎன்டியின் (வீட்டில் வைக்கும் ஃபைபர் மோடம்) மேக் பட்டியல்.

கடைசியாக லைன்மேன் நோட்டு. அதை ஃபோட்டோ எடுத்து வாங்காதீர்கள். அவரோடு உட்கார்ந்து, ஒரு டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்து, வரி வரியாகக் கேளுங்கள். எந்த வீட்டுக்கு ‘தற்காலிகமாக’ ஒரு ஐபியைக் கையால் போட்டுவிட்டு வந்தார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

2. செலவும் நேரமும்

போஸ்ட்கிரெஸுக்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது. ஆயிரம் வாடிக்கையாளர் கணக்குக்குப் பெரிய சர்வரும் தேவையில்லை. 8 ஜிபி ராம் உள்ள பழைய பிசி தாராளம். பணம் போட வேண்டிய இடங்கள் இரண்டு: நல்ல யூபிஎஸ், பேக்கப்புக்குத் தனி ஹார்ட் டிஸ்க். இந்த இரண்டிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். நம் ஊரில் காற்று கொஞ்சம் பலமாக வீசினாலே கரண்ட் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

சேமிப்பு இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐபிக்கான ஐநெட் (inet) என்ற டேட்டா வகையில் ஒரு ஐபிவி4 முகவரி 7 பைட் பிடிக்கும், ஐபிவி6 முகவரி 19 பைட். ஆயிரம் பேர் தினம் நான்கு முறை இணைந்து பிரிந்தால் 4,000 வரிசை. வரிசைக்கு 100 பைட் என்று வைத்தாலும் ஒரு வருடத்துக்கு 150 எம்பி கூட வராது.

நேரத்தில் பெரும்பகுதி நான்காம் படிக்குத்தான் போகும். ஃபங்ஷன் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும். பழைய டேட்டாவைச் சுத்தம் செய்யத்தான் வாரக்கணக்கில் ஆகும். முதலாளியிடம் முதலிலேயே அப்படிச் சொல்லிவிடுங்கள்.

எந்த மாதத்தில் செய்வது என்பதும் முக்கியம். நமக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. ரப்பர் கொம்பு ஒடிந்தும் தென்னை மட்டை விழுந்தும் கேபிள் அறுந்துகொண்டிருக்கும்போது ஐபி மாற்றத்தையும் தொடங்கினால், எந்தப் புகார் எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. பிப்ரவரி, மார்ச் நல்லது. மாதத்தின் முதல் வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள், ரீசார்ஜ் கூட்டம்.

3. எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக ஏற்றுங்கள்

எக்செல் கோப்பை நேராக ஐநெட் வகையில் ஏற்ற முயன்றால், ஒரே ஒரு கெட்ட வரிசைக்காக மொத்தமும் நின்றுவிடும். அதனால் முதலில் ‘வரவு’ என்று ஒரு தற்காலிக டேபிள் போடுங்கள். எல்லா நெடுவரிசையும் டெக்ஸ்ட் வகை. எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம்.

எக்செலில் சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்பதையே தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியில் சேமித்தால் தமிழில் எழுதிய ஊர்ப்பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். அப்புறம் காப்பி கட்டளையில் ‘சிஎஸ்வி’, ‘ஹெடர்’ இரண்டையும் சேர்த்து ஏற்றுங்கள்.

4. சுத்தம் செய்தல்

பொறுமை வேண்டிய படி இதுதான். நான் பார்த்த சிக்கல்கள் இவை.

எக்செல் தின்ற சுழியங்கள். பகுதியைக் குறிக்க யாரோ 10.20 என்று எழுதியிருப்பார்கள். எக்செல் அதைத் தசம எண் என்று நினைத்து 10.2 ஆக்கிவிடும். மேக் முகவரியைக் குறியீடு இல்லாமல் 001122334455 என்று எழுதினால் முன்னால் இருக்கும் இரண்டு சுழியமும் போய்விடும். நடுவில் ‘இ’ எழுத்து ஒன்று வந்தால் அடுக்கு எண்ணாகவும் மாறக்கூடும். இவற்றை டேட்டாபேஸில் திருத்த வழியில்லை. மூலத்துக்கே திரும்பிப் போய், அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

முன்னும் பின்னும் காலி இடம். கண்ணுக்குத் தெரியாது. டிரிம் ஃபங்ஷனை எல்லா வரிசைக்கும் ஒருமுறை ஓட்டுங்கள்.

அழகுக்காகச் சேர்த்த சுழியங்கள். வரிசை நேராகத் தெரிய வேண்டும் என்று 100.064.016.010 என்று எழுதும் பழக்கம் சிலருக்கு உண்டு. சில கருவிகள் சுழியத்தில் தொடங்கும் எண்ணை எட்டடிமானமாக வாசிக்கும். 010 அவற்றுக்கு 8. ஒரு கருவிக்கு ஒரு வீடு, இன்னொரு கருவிக்கு வேறு வீடு. முன்சுழியங்களை இந்தப் படியிலேயே களைந்துவிடுங்கள்.

ஊர்ப்பெயர்கள். தக்கலையையும் குளச்சலையும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். நாகர்கோவிலா நாகர்கோயிலா என்பது தமிழிலேயே தீரவில்லை. பகுதிக்கென்று ஒரு சின்ன டேபிள் போட்டு எண் கொடுத்துவிடுங்கள். மற்ற இடங்களில் அந்த எண் மட்டும் போதும்.

சரி, கெட்ட வரிசைகளை எப்படிக் கண்டுபிடிப்பது? போஸ்ட்கிரெஸ் 16 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால் பிஜி_இன்புட்_இஸ்_வேலிட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. எழுத்தையும், ‘ஐநெட்’ என்ற வகைப் பெயரையும் கொடுத்தால் ‘செல்லும்’, ‘செல்லாது’ என்று மட்டும் சொல்லும். பிழை காட்டி நிற்காது. செல்லாதவற்றை மட்டும் வடிகட்டி எடுத்து, பிரிண்ட் போட்டு, லைன்மேனோடு உட்காருங்கள். ஏன் செல்லாது என்று தெரிய வேண்டுமானால் பிஜி_இன்புட்_எர்ரர்_இன்ஃபோ காரணத்தைச் சொல்லும். பழைய பதிப்பில் இந்த இரண்டும் இல்லை. புதிதாக இன்ஸ்டால் செய்பவர்கள் பழையதைத் தேடிப் போக வேண்டாம். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 5 வருடம்தான் ஆதரவு.

ஒரு எச்சரிக்கை. ‘செல்லும்’ என்றால் எழுத்து வடிவம் சரி என்றுதான் பொருள். அந்த ஐபி அந்த வீட்டில்தான் இருக்கிறதா என்று அது சொல்லாது. அதற்கு ரவுட்டர் கோப்போடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

5. ஐநெட் எங்கே, சைடர் எங்கே

இரண்டு வகையும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். வீட்டுக்குக் கொடுக்கும் ஐபிக்கு ஐநெட், பிளாக்குக்கு சைடர் (cidr). இவ்வளவு நினைவில் இருந்தால் போதும்.

வித்தியாசம் எங்கே தெரியும் என்றால்: லைன்மேன் நோட்டில் 100.64.18.0/22 என்று இருக்கிறது. ஐநெட் அதை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். சைடர் மறுத்துவிடும். காரணம், /22 பிளாக் என்றால் மூன்றாம் எண் நான்கின் மடங்கில் தொடங்க வேண்டும். 18 அப்படி இல்லை. நெட்வொர்க்(‘100.64.18.0/22’) என்று கேட்டால் உண்மையான தொடக்கம் 100.64.16.0/22 என்று சொல்லும். சைடர் மறுப்பதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். யாரோ மாஸ்க்கைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று அதுதான் உங்களுக்குச் சொல்கிறது.

சைடருக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. மாஸ்க் இல்லாமல் குறைத்து எழுதினால் பழைய வகுப்பு முறைப்படி அதுவே ஊகித்துக்கொள்ளும். 10 என்று மட்டும் கொடுத்தால் 10.0.0.0/8. 192.168 என்று கொடுத்தால் 192.168.0.0/24; நீங்கள் /16 என்று நினைத்திருப்பீர்கள். பிழையும் காட்டாது. எப்போதும் நான்கு எண்ணையும் மாஸ்க்கையும் முழுதாக எழுதுங்கள்.

அடுத்தது, பலரும் கவனிக்காமல் விடும் ஓட்டை. ஐநெட்டில் 100.64.16.9/32, 100.64.16.9/22 இரண்டும் வேறு வேறு மதிப்பு. நீங்கள் ‘யூனிக்’ (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்ற கட்டுப்பாடு) போட்டிருந்தாலும் இரண்டும் உள்ளே வந்துவிடும். ஒரே ஐபி இரண்டு வீட்டுக்கு. எதற்காக இந்த வேலையையே தொடங்கினீர்களோ அந்தச் சிக்கல் மறுபடி. வீட்டு ஐபி நெடுவரிசையில் ‘யூனிக்’ போடுவதோடு, மாஸ்க்லென் (மாஸ்க்கின் நீளம்) 32 ஆக, அதாவது ஒரே ஒரு முகவரியாக, இருக்க வேண்டும் என்று ஒரு ‘செக்’ கட்டுப்பாடும் சேருங்கள். ஐபிவி6 என்றால் 128. எது எந்த வகை என்று ஃபேமிலி ஃபங்ஷன் 4 அல்லது 6 என்று சொல்லிவிடும்.

6. பிளாக் டேபிள்: மோதலை வாசலிலேயே நிறுத்துதல்

உதாரணத்துக்கு நான்கு பகுதிக்கு இப்படிப் பிரித்திருக்கிறோம் என்று வையுங்கள்:

தக்கலை: 100.64.16.0/22
மார்த்தாண்டம்: 100.64.20.0/22
குளச்சல்: 100.64.24.0/22
கருங்கல்: 100.64.28.0/22

100.64.0.0/10 என்பது நம்மைப் போன்ற இணைப்பு கொடுப்பவர்கள் உள்ளுக்குள் பயன்படுத்த 2012-இல் ஒதுக்கிய வெளி. 192.168 தொடர் வாடிக்கையாளர் வீட்டு வைஃபையிலும் இருக்கும் என்பதால் இது பாதுகாப்பு. நான்கு பிளாக்கும் சேர்ந்து ஒரே 100.64.16.0/20 ஆக அமைவதைப் பாருங்கள். ஃபயர்வாலில் ஒரே விதி போதும். பகுதிக்குப் பிளாக் பிரிக்கும்போது இப்படி அடுத்தடுத்து, இரண்டின் அடுக்குக் கணக்கில் பிரியுங்கள்.

இப்போது முக்கியமான பூட்டு. பிளாக் டேபிளில் ஒரு ‘எக்ஸ்க்ளூட்’ கட்டுப்பாடு போடுங்கள்: ஜிஸ்ட் (gist) இண்டெக்ஸ், ஐநெட்_ஆப்ஸ் (inet_ops) ஆபரேட்டர் கிளாஸ், && குறி. && என்றால் ‘இரண்டும் எங்காவது மேலே விழுகிறதா’ என்ற கேள்வி. இந்தக் கட்டுப்பாடு இருந்தால், நாளைக்கு யாராவது முளகுமூடு லைனுக்கு 100.64.18.0/24 என்று சேர்க்கப் போனால் டேபிள் ஏற்காது. அது தக்கலை பிளாக்கின் வயிற்றுக்குள் இருக்கிறது.

ஐநெட்_ஆப்ஸ் என்ற பெயரை நீங்களே எழுத வேண்டும். விட்டுவிட்டால் ஜிஸ்ட் புரியாத ஒரு பிழையைக் காட்டும். அந்த இடத்தில் பலர் ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், மொத்த மாற்றத்தில் இந்த ஒரு கட்டுப்பாட்டுக்காகவே எக்செலை விடலாம். எக்செல் ஒருநாளும் ‘இது ஏற்கெனவே கொடுத்தாச்சு’ என்று சொல்லாது.

7. அன்றாடம் கை போகும் ஃபங்ஷன்கள்

பட்டியல் நீளம். தினமும் வேண்டியவை கொஞ்சம்தான்.

ஒரு ஐபி எந்தப் பகுதி என்று கண்டுபிடிக்க >>= குறி. இடப்பக்கம் பிளாக், வலப்பக்கம் ஐபி. ‘உள்ளடக்குகிறதா அல்லது சமமா’ என்று பொருள். திருப்பிப் போட்டால் <<=. சமக்குறி இல்லாத << ஒரு பிளாக்கை அதோடே ஒப்பிட்டால் ‘இல்லை’ என்று சொல்லும். பிளாக்கோடு பிளாக்கை ஒப்பிடும்போது இதில் இடறுவார்கள். சமக்குறி உள்ளதையே பழகிக்கொள்ளுங்கள்.

இதை விட்டுவிட்டு, எழுத்தை ஒப்பிடும் ‘லைக்’ போட்டுத் தேடாதீர்கள். 100.64.1% என்று தேடினால் 100.64.1 மட்டும் வராது. 10 முதல் 19 வரை, 100 முதல் 199 வரை எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். /22 பிளாக்கை ஒரே ‘லைக்’கில் பிடிக்கவும் முடியாது. அடுக்குவதும் அப்படித்தான்: எழுத்தாக இருந்தால் 16.10 முன்னால் வரும், 16.9 பின்னால் போகும். ஐநெட்டில் இந்தச் சிக்கல் இல்லை.

நெட்மாஸ்க்(தக்கலை பிளாக்) 255.255.252.0 என்று தரும். ஹோஸ்ட்மாஸ்க் அதன் தலைகீழ், 0.0.3.255, சில சுவிட்சுகளின் ஆக்சஸ் லிஸ்டில் இதைத்தான் எழுத வேண்டியிருக்கும். பிராட்காஸ்ட் 100.64.19.255/22 என்று மாஸ்க்கோடு தரும்.

ரவுட்டருக்கோ பில்லிங்குக்கோ ஐபியை அனுப்பும்போது ஹோஸ்ட் ஃபங்ஷன் வழியாக அனுப்புங்கள். அது வெறும் முகவரியை எழுத்தாகத் தரும். டெக்ஸ்ட்( ) ஃபங்ஷன் /32 என்ற வாலையும் சேர்த்தே தரும். வாலோடு போனால் சில மென்பொருள்கள் வாங்காது. ஒரு பில்லிங் மென்பொருள் விற்பவர் இதை ‘உங்க சர்வர் பிரச்சினை’ என்று சொல்லி என்னை நன்றாக அலைய விட்டார்.

ஐநெட்_மெர்ஜ் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டையும் ஒட்டித் தருவதல்ல அதன் வேலை. இரண்டையும் அடக்கும் மிகச் சிறிய பிளாக்கைத் தருவது. மார்த்தாண்டத்தையும் குளச்சலையும் கொடுத்தால் 100.64.16.0/20 வரும். தக்கலையும் கருங்கலும் சேர்ந்தே வந்துவிட்டன! அதை அப்படியே ஃபயர்வாலில் போட்டு மார்த்தாண்டம், குளச்சலை மட்டும் நிறுத்தியதாக நினைத்தால், நாலு ஊரும் இருட்டு.

மேக் முகவரிக்கு மேக்அட்டர் (macaddr) என்ற வகை. 00:11:22:33:44:55, 00-11-22-33-44-55, 0011.2233.4455 எப்படிக் கொடுத்தாலும் வாங்கி ஒரே வடிவில் வைத்துக்கொள்ளும். டிரங்க் (trunc) போட்டால் கடைசி மூன்று பகுதியும் சுழியமாகி, தயாரிப்பாளரைக் காட்டும் முன்பகுதி மட்டும் மிஞ்சும். எந்தக் கம்பெனி ஓஎன்டி அதிகம் கெட்டுப்போகிறது என்று எண்ணிப் பார்க்க இது போதும்.

8. அடுத்த காலி ஐபியைக் கேட்டு வாங்குதல்

புதிய இணைப்புக்கு ஐபி தேடுவதுதான் இந்த டேட்டாபேஸின் தினசரி வேலை. ஐபியோடு எண்ணைக் கூட்டலாம்: 100.64.16.0 + 25 என்றால் 100.64.16.25. இரண்டு ஐபிகளைக் கழித்தால் நடுவில் எத்தனை என்று எண் வரும்.

தக்கலை பிளாக்கில் மொத்தம் 1,024 முகவரி. 0 நெட்வொர்க், 1 கேட்வே, 1023 பிராட்காஸ்ட். மீதி 1,021. ஜெனரேட்_சீரிஸ்(2, 1022) என்று எண்களை உண்டாக்கி, பிளாக் தொடக்கத்தோடு ஒவ்வொன்றாகக் கூட்டி, இணைப்பு டேபிளில் இல்லாத முதல் ஒன்றை எடுங்கள்.

இங்கே ஒரு பொறி. பிளாக்கோடு எண்ணைக் கூட்டினால் விடை பிளாக்கின் மாஸ்க்கோடு வரும்: 100.64.16.25/22. உங்கள் இணைப்பு டேபிளில் இருப்பதோ /32. இரண்டும் சமமில்லை என்று ஐந்தாம் படியில் பார்த்தோம். அதனால் குவெரி (தேடல் கட்டளை) எல்லா ஐபியும் காலி என்று சொல்லி, ஏற்கெனவே ஆள் இருக்கும் ஐபியைத் தூக்கிக் கொடுக்கும். செட்_மாஸ்க்லென் வைத்து 32 ஆக்கிய பிறகே ஒப்பிடுங்கள். அதையும் ஐநெட் மதிப்பின் மேல் செய்யுங்கள். சைடர் மதிப்பில் மாஸ்க்கைக் குறைத்தால் வலப்பக்க எண்களைச் சுழியமாக்கிவிடும்.

நடுவில் வரும் 100.64.16.255, 100.64.17.0 போன்றவை /22-க்குள் சாதாரண முகவரிகள்தான். கொடுக்கலாம். மலிவு வீட்டு ரவுட்டர் ஏதாவது முரண்டு பிடித்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களும் உண்டு, முதலிலேயே ஒதுக்கி வைப்பவர்களும் உண்டு. நான் ஒதுக்கி வைக்கிற கட்சி. ஆறு ஐபி போனால் போகட்டும்.

ஐபிவி6-க்கு இந்த முறை கூடவே கூடாது. ஒரு /64-இல் இருக்கும் முகவரிகளை எண்ணி முடிக்க முடியாது. பிராட்காஸ்டிலிருந்து நெட்வொர்க்கைக் கழித்தாலே எண் எல்லை தாண்டியது என்று பிழை வரும். அங்கே வீட்டுக்கு ஒரு பிளாக் என்று கொடுத்துவிடுங்கள்.

9. ‘இந்த ஐபி யாருடையது’ என்று கடிதம் வந்தால்

சைபர் குற்றப் பிரிவிலிருந்தோ மேலே இணைப்பு தருபவரிடமிருந்தோ ஒருநாள் கேள்வி வரும். பொது ஐபி ஒன்றை அறுபது பேர் பகிர்கிறார்கள் என்றால், ஐபியை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. கடிதத்தில் மூன்று விவரம் வேண்டும்: பொது ஐபி, போர்ட் எண் (ஒரே ஐபிக்குள் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்), நேரம். போர்ட் இல்லாவிட்டால் எழுத்திலேயே திருப்பிக் கேளுங்கள். ஊகித்து ஒரு வீட்டைக் கைகாட்டிவிடாதீர்கள்.

ஒவ்வொரு இணைப்பையும் லாக் செய்வது, அதாவது பதிந்து வைப்பது, டிஸ்க்கை நிரப்பும். அதற்குப் பதில் ஆளுக்கொரு போர்ட் பிளாக் ஒதுக்குங்கள். 1024 முதல் 65535 வரை 64,512 போர்ட். ஆளுக்கு 1,008 என்றால் ஒரு பொது ஐபியில் சரியாக 64 பேர். ஆயிரம் பேருக்கு 16 பொது ஐபி, அதாவது ஒரு /28 போதும். வாங்க வேண்டிய பொது ஐபிச் செலவும் இதில்தான் குறைகிறது.

டேபிளில் பொது ஐபி (ஐநெட்), போர்ட் வீச்சு, உள் ஐபி (ஐநெட்), கால வீச்சு ஆகிய நான்கு நெடுவரிசை. இங்கேயும் எக்ஸ்க்ளூட் கட்டுப்பாடு போடலாம்: பொது ஐபி சமம், போர்ட் வீச்சு &&, கால வீச்சு &&. ஒரே நேரத்தில் ஒரே போர்ட் இருவருக்குப் போகாது. வீச்சு எழுதும்போது கடைசி எண்ணைக் கவனியுங்கள்: போஸ்ட்கிரெஸின் வழக்கப்படி மேல் எல்லை சேராது. 20176 முதல் 21183 வரை வேண்டுமென்றால் 21184 என்று எழுதுங்கள், அல்லது இருபுறமும் சேரும் என்று மூன்றாவதாக ‘[]’ கொடுங்கள்.

நேரம்தான் இதில் ஆபத்தான பகுதி. கடிதத்தில் இரவு 11.40 என்று இருக்கும். உங்கள் லாக் யூடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) ஓடினால் அது 18.10. இதைக் கவனிக்காமல் 23.40 என்று தேடினால், நீங்கள் பார்ப்பது மறுநாள் காலை 5.10 மணி. அந்த நேரத்தில் அதே போர்ட்டில் இருப்பது வேறு ஒரு வீடு. போலீஸ் போய் நிற்பதும் அங்கேதான். எல்லா நேர நெடுவரிசையும் நேர மண்டலத்தோடு கூடிய டைம்ஸ்டாம்ப் வகையாக இருக்கட்டும். கடிதத்தில் நேர மண்டலம் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சர்வர் கடிகாரத்தை அரசு நிறுவனங்களான என்ஐசி அல்லது என்பிஎல் தரும் நேரத்தோடு பொருத்தவும் அதே உத்தரவு சொல்கிறது. உங்கள் லைசென்ஸ் ஒப்பந்தம் இதைவிட நீண்ட காலம் கேட்கலாம். ஒப்பந்தத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, எது அதிகமோ அதை வையுங்கள்.

10. மைஎஸ்க்யூஎல்லில்தான் இருக்கிறீர்கள் என்றால்

பில்லிங் மென்பொருள் அதில்தான் ஓடுகிறது, மாற்ற முடியாது என்றால் ஐநெட்_ஏடான் (inet_aton), ஐநெட்_என்டோஏ (inet_ntoa) என்ற இரட்டையர் உண்டு. முதலாவது ஐபியை எண்ணாக்கும்: 10.0.5.9 என்பது 167773449. இரண்டாவது திருப்பித் தரும். எண்ணை வைக்கும் நெடுவரிசை ‘அன்சைன்ட்’ ஆக இருக்கட்டும். சாதாரண இன்ட் என்றால் 127-க்கு மேல் தொடங்கும் ஐபி எதுவும் கொள்ளாது. ஐபிவி6-க்கு ஐநெட்6_ஏடான், வார்பைனரி 16.

மாஸ்க், பிளாக், மோதல் தடுப்பு எதுவும் அங்கே தயாராக இல்லை. தொடக்க எண், முடிவு எண் என்று இரண்டு நெடுவரிசை வைத்து நீங்களே கட்ட வேண்டும். மரியாடிபி 10.5 முதல் ஐநெட்6 என்ற வகை வந்திருக்கிறது. அதில் இருப்பவர்கள் அதைப் பாருங்கள். ஃப்ரீரேடியஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: அதன் மைஎஸ்க்யூஎல் அமைப்பில் வாடிக்கையாளர் ஐபி வெறும் எழுத்தாக இருக்கும், போஸ்ட்கிரெஸ் அமைப்பில் ஐநெட் ஆகவே இருக்கும். புதிதாக நிறுவுகிறீர்கள் என்றால் இரண்டாவதை எடுங்கள்.

11. மாற்றும் இரவு

அதிகாலை 2 மணிக்கு மேல் தொடங்குங்கள். முதலில் பிஜி_டம்ப் வைத்து முழு பேக்கப், அதன் ஒரு நகல் வெளி டிஸ்க்கில்.

ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் டெக்ஸ்ட் நெடுவரிசையை நேராக ஐநெட் வகைக்கு மாற்றினால், மாற்றி முடியும்வரை டேபிள் பூட்டிக் கிடக்கும். அந்த நேரம் யாரும் லாகின் ஆக முடியாது. சில ஆயிரம் வரிசைக்கு நொடிகளில் முடிந்துவிடும். பெரிய லாக் டேபிள் என்றால் பக்கத்திலேயே புதிய ஐநெட் நெடுவரிசை சேர்த்து, பகுதி பகுதியாக நிரப்பி, சரிபார்த்து, கடைசியில் பழையதை நீக்குங்கள்.

எல்லாவற்றையும் ‘பிகின்’ போட்டுத் தொடங்குங்கள். போஸ்ட்கிரெஸில் டேபிள் உருவாக்குவது, வகை மாற்றுவது எல்லாமே ‘ரோல்பேக்’ செய்தால் பழையபடி திரும்பிவிடும். மைஎஸ்க்யூஎல் பழகியவர்களுக்கு இது நம்ப முடியாத வசதி. ‘கமிட்’ அடிப்பதற்கு முன் மூன்று கேள்வி: வரவு டேபிளின் எண்ணிக்கையும் புதிய டேபிளின் எண்ணிக்கையும் ஒன்றா? எந்தப் பிளாக்கிலும் சேராத ஐபி ஏதாவது உண்டா? ரவுட்டர் கோப்பில் இருந்து இங்கே இல்லாதது உண்டா? மூன்றுக்கும் விடை திருப்தி என்றால் கமிட்.

காலையில் லைன்மேன்களுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்: இனி யாரும் சைட்டில் நின்று கையால் ஐபி போட வேண்டாம், ஃபோன் பண்ணிக் கேட்க வேண்டும். பழைய எக்செல் கோப்பை ‘படிக்க மட்டும்’ என்று பூட்டி ஒரு ஓரத்தில் வையுங்கள். அழிக்க வேண்டாம், அடுத்த இரண்டு பில்லிங் சுற்று முடியும்வரை அதைத் திறந்து பார்க்க வேண்டி வரும்.